மலை மூலிகை: மலையில் வாங்குவதா, நாட்டு மருந்துக் கடையா, டப்பாவா, வீட்டுத் தொட்டியா?

கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போய்த் திரும்புகிறவர்களின் பையில் காப்பித்தூள், மிளகோடு ஒரு வேர்க்கட்டோ பட்டையோ இருக்கும். வாங்கும்போது இருந்த நம்பிக்கை வீடு வந்து சேர்ந்ததும் சந்தேகமாக மாறிவிடுகிறது. இதையே நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருக்கலாமோ? உரிமம் பெற்ற டப்பா மருந்து இதைவிடப் பாதுகாப்பானதோ? பேசாமல் மாடியில் ஒரு தொட்டி வைத்து வளர்த்துவிட்டால் என்ன? பலரும் இந்த நான்குக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, கடைசியில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி எதையோ வாங்கிவிடுகிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே வாங்குவது என்பதைச் செடியின் பாகம்தான் தீர்மானிக்க வேண்டும். இலை என்றால் வீட்டில் வளருங்கள். காய், கனி, விதை என்றால் மலை மக்களிடம் வாங்குங்கள். வேர், பட்டை, கிழங்கு, முழுச்செடி என்றால் சாகுபடியில் விளைந்ததைத் தேடுங்கள், இல்லையென்றால் வைத்தியரிடம் மாற்று கேளுங்கள். நஞ்சுள்ள சரக்கு என்றால் நீங்கள் வாங்கவே வேண்டாம். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன், இது எங்கே பொருந்தாது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

அது அந்தச் செடிதானா? மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பின்னால்தான். நன்னாரியையே எடுத்துக்கொள்வோம். நன்னாரி வேர் மெல்லியது, கம்பி போல விறைப்பானது. கரும்பழுப்புத் தோலில் குறுக்கே வெடிப்புகள் இருக்கும், உள்ளே கட்டையான நடுப்பகுதி இருக்கும். மாகாளிக்கிழங்கு தடிமனாக, சதைப்பற்றோடு இருக்கும். இரண்டையும் முகர்ந்தால் வாசனை கிட்டத்தட்ட ஒன்றுதான், காரணம் இரண்டிலும் ஒரே மணப்பொருள் இருக்கிறது. அதனால் மாகாளியை நறுக்கிக் காயவைத்து நன்னாரி என்று விற்றால் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அசோகப் பட்டையின் கதையும் இப்படித்தான். சாலையோரத்தில் உயரமாக நெட்டுக்குத்தாக நிற்கும் நெட்டிலிங்க மரத்தின் பட்டை அசோகப் பட்டை என்ற பெயரில் வெகுகாலமாக விற்பனையாகிறது. கீழாநெல்லிக்கு அதே குடும்பத்தில் பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும் உறவுச்செடிகள் மூன்று நான்கு உண்டு. காயவைத்துக் கட்டாகக் கட்டிவிட்டால் பழகியவர்களுக்கே பிரித்துச் சொல்வது கஷ்டம்.

எடுத்த பிறகு செடி பிழைக்குமா? ஆடாதோடையில் பத்து இலை பறித்தால் பதினைந்து நாளில் துளிர்க்கும். நெல்லிக்காயைப் பறித்தால் மரம் அடுத்த ஆண்டும் காய்க்கும். மரமஞ்சள் கொடியை வெட்டினால் அந்தத் தடிமனுக்கு இன்னொரு கொடி வளரப் பல ஆண்டுகள் ஆகும், மேற்குத் தொடர்ச்சி மலையில் அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டதற்கு இதுவே காரணம். இந்தியாவில் 1,178 வகை மூலிகைகள் வணிகத்தில் இருப்பதாகத் தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காக நடந்த கணக்கெடுப்பு சொல்கிறது. அவற்றில் 242 வகைகள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்கின்றன. 2014-15ஆம் ஆண்டின் மொத்தத் தேவை சுமார் 5 லட்சத்து 12 ஆயிரம் டன். பெருமளவில் விற்கும் அந்த 242 வகைகளில் பெரும்பாலானவை இன்னும் காட்டிலிருந்துதான் வருகின்றன. நாம் வாங்கும் 100 கிராம் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

பக்குவம் தெரிந்தவர் கை பட்டதா? ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பார்கள். சுக்கின் தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் எடுக்க வேண்டும். சேராங்கொட்டையைச் சுத்தி (நச்சை நீக்கும் பக்குவம்) செய்யாமல் தொட்டாலே கொப்புளம் கிளம்பும். எந்தச் சரக்கு எவ்வளவு நாள் தாங்கும் என்பதும் பக்குவத்தில் அடங்கும். சித்த மருத்துவ மரபில் சாறு, குடிநீர் (கஷாயம்) போன்றவற்றின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். இரண்டு வருடமாக அலமாரியில் இருக்கும் பொடியைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

காசு யார் கைக்குப் போகிறது? இந்த அறிவைக் காத்து வைத்திருப்பவர்கள் கொல்லிமலை, ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன் மலைகளின் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல), நீலகிரியின் குறும்பர், இருளர், பழனி மலையின் பளியர், ஆனைமலையின் காடர், அகத்தியமலையின் காணிக்காரர்கள் போன்றவர்கள். அவர்களுக்கு ஒன்றும் போகாமல் சரக்கு மட்டும் இறங்கி வருகிறது என்றால் அந்த மூலிகையில் ஏதோ குறை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எல்லோரும் இப்படி நினைக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் என் எடைபோடுதலில் இதற்கு இடம் உண்டு.

மறைவான செலவு என்று ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு வழியிலும் வேறு வேறு உருவத்தில் வருவதால் அங்கங்கே சொல்கிறேன்.

## வழி 1: மலையிலேயே வாங்குவது

இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, சுற்றுலாப் பாதையின் வழியோரக் கடை. இன்னொன்று, மலை மக்களின் வாரச்சந்தை, பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம், அவர்களே நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம்.

வழியோரக் கடையில் அதிகம் விற்பது முடவாட்டுக்கால். கிழங்கு என்று சொல்கிறார்களே தவிர, அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. பழுப்பு மயிர் அடர்ந்து, தொட்டால் ஆட்டுக்கால் போலவே இருக்கும். மயிரைச் சீவிவிட்டு நறுக்கினால் உள்ளே பச்சை கலந்த வெள்ளைச் சதை. மூட்டுவலிக்கு நல்லது என்று மலையில் அதைச் சூப்பாக வைத்துக் குடிப்பது பழைய வழக்கம். முன்பு ஒரு வீட்டுக்கு வேண்டிய துண்டை மட்டும் உடைத்து எடுப்பார்கள், வளரும் நுனி பாறையிலேயே இருக்கும், மறுபடி படரும். இப்போது விடுமுறை நாட்களில் சாலை நெடுகக் குவியல் குவியலாக வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலுக்காகப் பாறையில் ஒட்டியிருப்பதை முழுசாக உரித்தெடுக்கிறார்கள். நல்ல மருந்தா இல்லையா என்ற கேள்வியை ஒதுக்கி வைத்தாலும், இந்த வேகத்துக்குப் பெரணி ஈடுகொடுக்காது.

கிழங்கு தோண்டுவதில் மலை மக்களுக்கு ஒரு முறை உண்டு. காட்டு வள்ளிக்கிழங்கு எடுக்கும்போது கொடியின் தலைப்பகுதியைக் கொஞ்சம் கிழங்கோடு விட்டு, குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். தன் வீட்டுக்காகத் தோண்டுகிறவர் இதை மறக்க மாட்டார், அடுத்த வருடம் அவரே வர வேண்டிய இடம் அது. கிலோ கணக்கில் வியாபாரிக்குத் தோண்டச் சொல்லும்போதுதான் இந்த முறை கைவிட்டுப் போகிறது.

காய் கனிகளின் நிலைமை நேர்மாறு. அதற்கு நல்ல சான்று தமிழக எல்லையை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலை. அங்கே சோளிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டு நெல்லி பறித்தவர்கள். வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி 2000களின் நடுவில் அந்தப் பறிப்பு நிறுத்தப்பட்டது. பறிக்காவிட்டால் மரங்கள் செழிக்கும் என்று தோன்றும். ஆனால் நெல்லி மரங்களைப் புல்லுருவி பிடித்து உறிஞ்சுவது அங்கே பெரிய தொல்லை. காய் பறிக்க ஏறுகிறவர்கள் புல்லுருவியையும் வெட்டிப் போடுவார்கள், தரைத் தீயும் அதை அடக்கி வைத்திருந்தது என்பது சோளிகர்கள் சொல்லும் விளக்கம். 2011ல் வன உரிமைச் சட்டத்தின்படி அவர்களுக்குச் சமூக உரிமை வழங்கப்பட்டது. காயும் கனியும் வாங்குவது காட்டுக்குக் கேடு என்று கூசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெல்லி, கடுக்காய், தான்றிக்காய், பூந்திக்கொட்டை எல்லாம் மலை மக்களிடம் வாங்கத் தகுந்தவை. அளவாகப் பறித்தால் மரம் நிற்கும், காசும் நேரே போகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வழிவழியாகச் சேகரித்து வந்த சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் வனத்தில் வாழும் மக்களுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை அவர்களுடையது. காப்புக்காட்டுக்குள் இறங்கிச் சுற்றுலாப் பயணி ஒரு செடியைப் பிடுங்கினால் அது குற்றம். ‘வழிகாட்டியே காட்டினார்’ என்பது பதில் ஆகாது.

மறைவான செலவு: பச்சைச் சரக்கு ஈரத்தோடு வரும். பாலித்தீன் பையில் கட்டி காரில் போட்டால் இரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும். பையைத் திறந்து, நிழலில் உலர்த்தி, காகிதத்திலோ துணியிலோ கட்டி வைக்க வேண்டும். கடைக்காரர் மலைவாசிதானா என்பதும் நிச்சயமில்லை. அடிவார நகரத்து மண்டியிலிருந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு போய் மேலே விற்கும் கடைகளும் உண்டு. ‘இது எந்தப் பக்கம் எடுத்தது, எந்த மாதம் எடுப்பீர்கள், எந்தப் பாகத்தை விட்டு வைப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். எடுத்தவராக இருந்தால் பதில் தடையில்லாமல் வரும்.

மேலானது எப்போது: காய், கனி, தேன், மலைத் தோட்டத்து மிளகு, திப்பிலி. கொல்லிமலையில் திப்பிலியைப் பயிராகவே வளர்க்கிறார்கள். நீலகிரியில் பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள ஆதிமலை போன்ற உற்பத்தியாளர் நிறுவனங்களும், மலைகளில் உள்ள லேம்ப்ஸ் எனும் பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் வழியோரக் குவியலைவிட நம்பகமான இடங்கள்.

## வழி 2: நாட்டு மருந்துக் கடை

பல தலைமுறையாக நடக்கும் கடை என்றால் அதன் பலம் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். ‘வாய்விடங்கம் இருக்கா?’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்கு முன் ‘யாருக்கு, என்ன வயசு?’ என்று திருப்பிக் கேட்கிறாரே, அவர் கடையை விடாதீர்கள். ஒரு செய்முறைக்குப் பத்துப் பதினைந்து சரக்கு வேண்டும் என்றால் இதைவிட வசதியான வழி கிடையாது. நிலவேம்புக் குடிநீருக்கே 9 சரக்கு, கபசுரக் குடிநீருக்கு 15. அத்தனையையும் மலையில் தேடவும் முடியாது, தொட்டியில் வளர்க்கவும் முடியாது.

பலவீனம், சரக்கு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருப்பது. எடுத்தவரிடமிருந்து உள்ளூர் வியாபாரி, அங்கிருந்து பெரிய மண்டி, அங்கிருந்து கடை என்று கைமாறி வரும்போது செடியின் பெயர் மட்டும்தான் கூட வருகிறது. எந்த மலை, எந்தப் பருவம், காட்டில் எடுத்ததா பயிரிட்டதா என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு பங்கு கழிந்து, கடைசியில் எடுத்தவருக்குப் போவது மிகக் குறைவு.

இங்கே வாங்குவதானால் ஒரே ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்: பொடியாக வாங்காமல் முழுச் சரக்காக வாங்குங்கள். முழுக் கடுக்காயில் பூச்சித் துளை தெரியும், முழு வேரில் பூசணம் தெரியும், நன்னாரிக்கும் மாகாளிக்கும் உள்ள தடிமன் வித்தியாசம் தெரியும். பொடித்த பிறகு எல்லாம் ஒரே பழுப்பு நிறம். முழுதாக வாங்கி, பிரித்துப் பார்த்து, துடைத்து, வீட்டிலோ அரவை மில்லிலோ அரைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தால் அந்த 3 மாதக் கணக்கும் தப்பாது.

மறைவான செலவு: விலை மலிவாகத் தெரியும். சுத்தம் பார்த்துக் கழித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்று நிறுத்துப் பாருங்கள். மண், குச்சி, பூச்சி அரித்தது எல்லாம் போக நல்ல சரக்கு குறைவாகவே நிற்கும். அப்புறம் அரவை மில்லில் உங்களுக்கு முன் மிளகாய் அரைத்திருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

மேலானது எப்போது: பல சரக்கு சேர்ந்த குடிநீர், பயிரிட்டதாகவும் கிடைக்கும் நிலவேம்பு போன்றவை, கடைக்காரரின் அனுபவத்தை நம்ப முடிந்த ஊர்.

## வழி 3: டப்பாவில் வரும் மருந்து

உரிமம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் அதற்கு ஒரு சட்டப் பின்னணி இருக்கிறது. உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல் இருக்க வேண்டும். தவறு நடந்தால் எந்தத் தொகுதி என்று பிடிக்க முடியும். மற்ற மூன்று வழிகளிலும் இது கிடையாது. தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனமும், சென்னையின் இம்ப்காப்ஸ் கூட்டுறவும் இப்படித் தயாரிக்கின்றன. இம்ப்காப்ஸ் 1944 முதல் இருக்கிறது.

ஆனால் அலமாரியில் பக்கத்திலேயே வேறொரு வகை டப்பா நிற்கும். அதில் உணவுப் பொருளுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மட்டும் இருக்கும், மருந்து உரிம எண் இருக்காது. பேர் மட்டும் மூலிகை மருந்து மாதிரி. எண்ணைத் தேடிப் படியுங்கள். ‘சர்க்கரையை அடியோடு குணமாக்கும்’ என்று விளம்பரம் செய்திருந்தால் கையிலெடுத்ததைக் கீழே வைத்துவிடுங்கள். 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி அப்படி விளம்பரம் செய்வதே குற்றம்.

மலை மக்களின் பங்கு என்ற கேள்வியில் டப்பா எப்படி நிற்கிறது? ஒரு கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

1987 டிசம்பரில் அகத்தியமலைக் காட்டுக்குள் தாவரவியல் குழு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஏற்றத்தில் அறிவியலாளர்கள் களைத்துப் போனார்கள். உடன் வந்த காணிக்காரர்கள் களைக்கவில்லை. போகும் வழியில் சின்னச் சின்னப் பழங்களை அவர்கள் மென்றுகொண்டே நடப்பதைக் குழுவினர் கவனித்தார்கள். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள், பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதை வைத்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய மருந்தகத்துக்குத் தயாரிப்பு உரிமை 7 ஆண்டுக்குக் கொடுக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். கிடைத்ததில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. அதைப் பெற 1997ல் அவர்களுடைய அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. மலை மக்களின் மருத்துவ அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரிகளில் ஒன்றாக உலகம் முழுக்க இது பேசப்பட்டது.

காகிதத்தில் அழகாக இருந்த ஏற்பாடு காட்டுக்குள் சிக்கியது. ஜீவனிக்கு வேண்டியது பழம் இல்லை, இலை. செடி காட்டு நிழலில்தான் நன்றாக வருகிறது. தேவை பெருகியதும் ஆட்கள் செடியைப் பிடுங்கத் தொடங்கினார்கள், வனத்துறை சேகரிப்பைத் தடுத்தது, சரக்கு தொடர்ந்து கிடைக்கவில்லை. எல்லாக் காணிக்காரர் குடியிருப்புகளையும் கலந்து பேசவில்லை என்ற வருத்தமும் அவர்களுக்குள் இருந்தது. களைப்புத் தீர வழியில் நாலு பழம் மென்றவர்களின் பழக்கம் வேறு, மாதாமாதம் ஆலைக்கு இலை அனுப்புவது வேறு.

இதை டப்பாவுக்கு எதிரான வாதமாக நான் சொல்லவில்லை. பங்கு கொடுக்க முன்வந்த ஒரே காரணத்துக்காகவே இந்த முயற்சி என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறது. ஆனால் டப்பாவில் ‘பழங்குடியினர் ரகசியம்’ என்று அச்சிட்டிருந்தால், எந்தப் பழங்குடி, அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லும் நிறுவனத்திடம் வாங்குங்கள்.

மறைவான செலவு: நான்கு வழிகளிலும் விலை கூடியது இதுவே. மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஒரு நல்ல வைத்தியரைப் பார்த்திருக்கக்கூடிய தொகை போய்விடும்.

மேலானது எப்போது: வேர், பட்டை சேர்ந்த மருந்துகள், சுத்தி தேவைப்படும் சரக்குகள், வைத்தியர் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தவை.

## வழி 4: வீட்டில் வளர்ப்பது

கற்பூரவல்லி, ஆடாதோடை, நொச்சி, தூதுவளை, வல்லாரை, முடக்கத்தான், கரிசலாங்கண்ணி. இருமல், சளி, ஆவி பிடித்தல், துவையல், ரசம் என்று வீட்டில் நாம் பயன்படுத்தும் மூலிகைகளில் பெரும்பகுதி இலைகள்தான். இவற்றைக் காசு கொடுத்து, அதுவும் காய்ந்த நிலையில் வாங்குவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. கற்பூரவல்லியும் ஆடாதோடையும் ஒரு முழக் குச்சியை நட்டாலே பிடித்துக்கொள்ளும். தூதுவளைக்கு முள் உண்டு, படர ஒரு கொம்பு வேண்டும். வல்லாரைக்கு ஈரமும் அரை நிழலும் போதும். அதை வீட்டில் வளர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. சாக்கடை ஓரத்தில் செழித்து நிற்கும் வல்லாரை அந்தத் தண்ணீரில் இருக்கும் கன உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

‘காட்டில் விளைந்ததற்குத்தான் வீரியம்’ என்ற பேச்சு வரும். சில செடிகளுக்கு இது உண்மை, மண்ணும் உயரமும் நிழலும் செடியின் சத்தை மாற்றத்தான் செய்யும். ஆனால் மூன்று கைமாறி ஆறு மாதம் கிடந்த காட்டு இலையைவிட, காலையில் பறித்துக் கொதிக்க வைத்த தொட்டி இலையையே நான் எடுப்பேன்.

சீந்திலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் அதை அளவில்லாமல் குடித்தார்கள். 2021ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு கண்டதாக மருத்துவ இதழில் எழுதினார்கள். அது சீந்திலாகவே இருக்காது, அதே குடும்பத்தின் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் பதில் சொன்னது. அந்த வேறு கொடியின் தண்டில் பரு பருவாக முண்டுகள் அடர்ந்திருக்கும். சீந்தில் தண்டில் தாள் போன்ற மெல்லிய தோல் உரியும். சரியான தாய்க்கொடி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து, அதில் ஒரு துண்டு வாங்கி நட்டுவிட்டால் அடையாளக் குழப்பம் தீர்ந்தது. அளவுக் குழப்பம் தீராது. நல்ல சீந்திலையும் வைத்தியர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மேலே குடிக்கக் கூடாது, ஏற்கனவே கல்லீரல் கோளாறு இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

மறைவான செலவு: நேரம். அப்புறம் முதல் நாற்று. சாலையோர நர்சரியில் பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டால் வருடக்கணக்கில் தப்பான செடியை வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். அரசு மூலிகைத் தோட்டம், சித்த மருத்துவக் கல்லூரி, வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வாங்குவது நல்லது.

மேலானது எப்போது: இலை, இளந்தண்டு எல்லாவற்றுக்கும்.

## பாகத்தை வைத்து ஒரு பார்வை

| பாகம் | உதாரணம் | என் முதல் தேர்வு | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|---|
| இலை | ஆடாதோடை, தூதுவளை, வல்லாரை | வீட்டுத் தொட்டி | பழைய இலைப்பொடி |
| காய், கனி | நெல்லி, கடுக்காய், திப்பிலி | மலைக் கூட்டுறவு, வாரச்சந்தை | கொட்டையோடு அரைத்த கடுக்காய்ப் பொடி |
| முழுச்செடி | நிலவேம்பு, கீழாநெல்லி | பயிரிட்டது, முழுச் சரக்காக | அடையாளம் தெரியாத கட்டு |
| வேர், கிழங்கு | நன்னாரி, முடவாட்டுக்கால் | பயிரிட்டது, இல்லையேல் உரிமம் பெற்ற மருந்து | வழியோரக் குவியல் |
| பட்டை, தண்டு | அசோகு, மரமஞ்சள் | வைத்தியர் எழுதியது, அல்லது மாற்று | காட்டுப் பட்டை என்று விற்பது |
| நஞ்சுள்ளது | சேராங்கொட்டை, செங்காந்தள் கிழங்கு | வைத்தியர் கையால் மட்டும் | மற்ற எல்லாமே |

கீழாநெல்லி இந்தப் பட்டியலில் கொஞ்சம் இடறும். முழுச்செடி என்றாலும் ஒரே பருவத்தில் முளைத்து வளர்ந்து முடிகிற செடி, விதை விழுந்த இடமெல்லாம் வரும். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குவது உறவுச்செடிகளிலும் உண்டு என்பதால், தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு தொட்டியிலேயே வளர்த்துக்கொள்ளலாம்.

## நான்கு வழியும் வேண்டாத இடங்கள்

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கில் இருக்கும் கோல்சிசின் ஆளைக் கொல்லும். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் வயலில் வளர்த்து விதையை மருந்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கிழங்கு எந்த வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை.

ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி இரண்டையும் பற்றி மலை மருத்துவத்தை மதிக்கிறவர்களிடம் பேசுவது எனக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. பாம்புக்கடி, தேள்கடி, வயிற்றுப்புழு என்று பல மலைகளில் வழிவழியாக வந்த செடிகள் அவை. ஆனால் அந்தக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்து வேர் தவறிப்போய்ச் சேர்ந்துவிட்டது. 100 பேருக்கு மேல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டார்கள். கேடு உடனே தெரியாமல் மெதுவாக வருவதால், தலைமுறை அனுபவத்தில்கூட அது பிடிபடாமல் போயிருக்கிறது. இந்த இரண்டையும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர் கூடவே சிறுகுறிஞ்சானையும் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும். டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், சொல்லத் தயங்கும் அளவுக்கு அது ரகசியமில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கைக்குழந்தைகள், சிறுநீரகமோ கல்லீரலோ பாதிக்கப்பட்டவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் ஆகியோர் எந்த வழியில் வாங்கியதையும் தாமாகச் சாப்பிட வேண்டாம். பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு கிடையாது. கையில் இருக்கும் வேரையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம்.

பாம்புக்கடிக்கு எந்த மூலிகையும் தேட வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை அவர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதிலிருந்துதான் விஷமுறிவு ஊசி தயாராகிறது. அந்த ஊசி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்டவரை நடக்க விடாமல், 108ஐக் கூப்பிட்டு அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள்.